வேலிக்கு அங்கால நின்று பழகிய கூத்து

எங்கள் குஞ்சியப்பு, அதாவது சித்தப்பா, கோவலன் கூத்தைத் தனி ஆளாய் ஆடுவார். வரவு சொல்கிற கட்டியகாரன், கோவலன், கண்ணகி, மாதவி, தட்டான், பாண்டியன் எல்லாம் அவர்தான். மத்தளத்துக்குப் பதிலாக இடுப்பில் ஒரு பால்மாப் பேணி கட்டியிருப்பார். பிற்பாட்டுக்கு ஆள் இல்லாததால் தரு என்கிற ஒவ்வொரு கூத்துப் பாட்டின் கடைசி அடியையும் குரலைத் தாழ்த்தித் தானே ஒருமுறை திருப்பிப் படிப்பார். ஆள் மாறுவதற்குத் தோளில் கிடக்கும் சிவப்புச் சால்வை போதும். அது தலையில் ஏறினால் கண்ணகி, இடுப்பில் இறுகினால் பாண்டியன், கழுத்தில் தொங்கினால் கோவலன்.

கூத்துத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு முறைகெட்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை. முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஊர் சேர்ந்து ஆடுவது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை நினைக்காமல் இங்கே ஒருவரும் அந்தக் கூத்தை நினைப்பதில்லை. அதன் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் முல்லைமோடி என்று தனிப் பெயரே இருக்கிறது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்கி, பிறகுதான் களரி என்கிற ஆடுமேடை ஏறும். அதைப் போய் ஒரு மனிதன் பேணியைத் தட்டிக்கொண்டு தனியே ஆடினால்? "விசர்" என்றது ஊர். ஐம்பது வருடமாகச் சொன்னது.

நான் முள்ளியவளையில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன். கோயில், கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி என்று வன்னி முழுக்கப் பெட்டி இறக்கியிருக்கிறேன். போகிற ஊரெல்லாம் குஞ்சியப்புவைப் போல ஒருவர் இருக்கிறார். ஒரு இடத்தில் புல்லாங்குழல், இன்னொரு இடத்தில் தானே கட்டிய பாட்டு. அவர்களின் மகனோ மருமகளோ மெதுவாக வந்து, "அண்ணை, அப்பாவின்ர பாட்டை ஒருக்கா றெக்கோட் பண்ண என்ன செய்யவேணும், விருதுக்குப் போடலாமோ" என்று கேட்பார்கள். குஞ்சியப்புவோடு அலைந்த காலத்தில் நான் பிழைவிட்டுப் படித்ததை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் பழகிய விதத்தை முதலில் சொல்லவேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில், கூத்துப் பழக்கம் நடந்த ஒரு அண்ணாவியார் வீட்டு வளவுக்குப் போயிருக்கிறார். உள்ளே விடவில்லை. எங்கள் வீட்டு ஆக்களுக்கு அந்தக் களரியில் இடமில்லை. ஏன் என்று கேட்கிற காலமும் இல்லை அது. கதியால் வேலிக்கு அங்கால நின்று, பூவரசம் இலையை விலக்கிக்கொண்டு, ஒரு பங்குனி முழுக்கப் பார்த்திருக்கிறார். அடுத்த வருடமும் பார்த்திருக்கிறார். பாட்டுக் கொப்பியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. காதால் கேட்டதை வீட்டுக்கு வந்து அடுப்புக்கரியால் குசினிச் சுவரில் எழுதி வைப்பாராம். அப்பு அடித்தாராம், ஆச்சி சுவரை மெழுகவில்லையாம்.

நான் அவருக்கு வேலைசெய்யத் தொடங்கியது 1996 இல். எனக்குப் பதினொரு வயது. வன்னியில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். குஞ்சியப்பு அதே டைனமோவில் இருந்து வயர் இழுத்து, ஒரு குமிழை மாமரக் கொப்பில் தொங்கவிட்டார். சுற்றுகிற வேலை எனக்கு. அவர் தலையில் வைக்கிற கூத்து முடி மட்டையில் வெட்டி, சிகரெட் பெட்டி ஈயத்தாள் ஒட்டியது. நடுவில் சைக்கிள் மட்காட்டில் பூட்டுகிற சிவப்புக் கண்ணாடி. வெளிச்சம் பட்டால் அது கனல் மாதிரி இருக்கும். என் கை சோர்ந்தால் குமிழ் மங்கும், கண்ணகியின் முகம் இருட்டில் போய்விடும். ஆடிக்கொண்டே, பாட்டின் நடுவிலேயே, "டேய் தம்பி, வழக்குரைக்கேக்க கையை விடாத" என்பார். எந்த அடி வரும்போது வெளிச்சம் கூடவேண்டும், எங்கே குறையவேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இன்றைக்கு மிக்சரில் கை வைக்கும்போதும் அந்தப் பெடல்தான் கையில் நிற்கிறது.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிள்ளைகள். பெரியவர்கள் படலையில் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். கோயில் கோயிலாக, விழாக்குழு விழாக்குழுவாக அவர் போய்க் கேட்பார். "இந்த முறை நிகழ்ச்சி நிரம்பிப்போச்சு" என்பதுதான் மறுமொழி. பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு சனம் போகிற தெருவில் ஒரு மரத்தடியில் நின்று ஆடிவிட்டு வருவார். கல்லெறி வாங்கி வந்ததும் உண்டு.

குஞ்சியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. அருவி வெட்டு, களை பிடுங்கல், தோட்டக் கூலி என்று அந்த வீட்டை நடத்தியது அவ. கூத்து நினைப்பு வந்தால் மனிசன் நாலு நாள் வேலைக்குப் போகாது. 2012 இல் உடுப்புத் தைக்க ஆடு ஒன்றை விற்றார்கள். அவ என்னிடம் ஒரு நாள் சொன்னா: "தம்பி, இந்த மனிசனுக்கு ஒரு கடுதாசி குடுப்பிச்சு விடு. கூத்தெண்டு ஒரு கடுதாசி. அதுக்குப் பிறகு நான் ஒண்டும் கேக்கமாட்டன்." கலைஞருக்கு உதவப் போகிறவர்கள் முதலில் அவருடைய வீட்டில் இருக்கிற பெண்ணிடம் கதையுங்கள். எந்த ஆண்டில் எங்கே ஆடினார், யார் கூப்பிட்டார்கள், எவ்வளவு செலவானது என்பதெல்லாம் அவவிடம்தான் இருக்கும்.

2009 இல், கடைசி யுத்தத்தில், எல்லாம் போனது. ட்ரங்குப் பெட்டி, முடி, சதங்கை, இருபத்தைந்து வருடமாக எழுதிச் சேர்த்த கூத்துக் கொப்பி. கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தவர், மாத்தளன் பக்கம் தண்ணீருக்குள்ளால் வரும்போது பிள்ளை ஒன்றைத் தூக்கவேண்டி வந்தது, பையை விட்டுவிட்டார். யாருடைய பிள்ளை என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

செட்டிகுளம் மனிக் பாம் அகதி முகாமில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்த 80 பக்கக் கொப்பிகளில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி, நினைவில் இருந்து திரும்ப எழுதத் தொடங்கினார். தறப்பாளுக்குள் பகலில் இருக்கமுடியாத வெக்கை. தண்ணீர் வரிசையில் நின்று எழுதுவார். ஒரு அடி மறந்தால் வரிசையில் நிற்கிறவர்களிடம் கேட்பார். முதலில் "செத்தவீட்டுக்குள்ள உமக்குக் கூத்தோ" என்று ஒரு மனிசி காறித் துப்பினா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் பேணியும் இல்லாமல், சால்வைக்குப் பதில் சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, கோவலன் வெட்டுண்டு கிடக்கிற இடத்துக் கண்ணகி ஒப்பாரியைப் படித்தார். ஆட்டம் இல்லை, இருந்தபடியே. அந்த மனிசி வந்து பக்கத்தில் குந்தினா. பிறகு இன்னும் ஐந்தாறு பேர். அழுவதற்கு ஒரு பாட்டு இருந்தது அவர்களுக்கு அன்றைக்கு. ஊர் அவரை விசர் என்று சொல்லாமல் விட்ட முதல் நாள் அதுதான் என்று நினைக்கிறேன். பதினொரு கொப்பி நிறைந்தது. மறந்த அடிகளுக்கு இடம் விட்டே எழுதியிருக்கிறார். சில இடங்கள் இன்றைக்கும் வெறுமையாக இருக்கின்றன.

ஊருக்குத் திரும்பி நான் பெட்டி வாங்கித் தொழில் தொடங்கிய பிறகுதான் அவருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று இறங்கினேன். இறங்கியதும் பெரிய பிழை விட்டேன். 2018 இல் கையடக்கத் தொலைபேசியில் அவர் ஆட்டத்தை எடுத்து, பாண்டியனில் இருந்து கண்ணகிக்கு மாறுகிற இரண்டரை நிமிடத்தை மட்டும் வெட்டி, அவரிடம் கேட்காமலேயே முகநூலில் போட்டேன். நன்றாக ஓடும் என்று நினைத்தேன். நன்றாகத்தான் ஓடியது, சிரிப்புக்கு. பேணிக்குச் சிரித்தார்கள், சால்வைக்குச் சிரித்தார்கள். பேத்தி தன் போனில் காட்ட, அவர் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, கண்ணகி வரமுதல் கட்டியகாரன் வாறதை ஏன் விட்டனி?" அன்று இரவே அழித்தேன். நாலு மணித்தியாலத்தில் ஆறுதலாகக் கட்டி எழுப்புகிற ஒன்றை இரண்டரை நிமிடமாக வெட்டினால் எந்தக் கூத்தனும் விசரனாகத்தான் தெரிவான். முழுதாகப் போடுங்கள், ஐம்பது பேர்தான் பார்த்தாலும் பரவாயில்லை. போடமுதல் அவருக்கு முழுவதையும் போட்டுக் காட்டி, சரி என்று வாயால் சொல்ல வையுங்கள்.

ஒலிப்பதிவு என் தொழில் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். முதல் தடவை சட்டையில் குத்துகிற சின்ன மைக்கை நெஞ்சில் பூட்டினேன். பேணிச் சத்தம் மட்டும்தான் விழுந்தது. இரண்டாம் தடவை நிலைக்கம்பியில் வைத்தேன். வட்டமாக ஆடுகிற ஆள், மைக்குக்கு முன்னால் வரும்போது இடி, அங்கால போனால் முணுமுணுப்பு. மூன்றாம் தடவைதான் சரிவந்தது. முற்றத்தில் கோலமாவால் பத்தடி வட்டம் போட்டு, அதற்குள் ஆடச் சொன்னேன். நடுவில், எட்டடி உயரத்தில், மாமரக் கொப்பில் இருந்து மைக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். டைனமோக் குமிழ் தொங்கிய அதே கொப்பு. சதங்கைக்கும் காலடிக்கும் தனியாக ஒரு போனை வட்டத்துக்கு வெளியே ஸ்டூலில் வைத்தேன். தொடங்குமுதல் நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கைதட்டவேண்டும். பிறகு இரண்டு பதிவையும் சேர்க்கும்போது அந்தக் கைதட்டை வைத்துத்தான் பொருத்துவது.

சத்த அளவைத் தொடக்கத்து விருத்தத்துக்கு வைத்தால், கண்ணகி வழக்குரைக்கும்போது எல்லாம் கிழிந்துபோகும். அவர் கூத்தில் ஆக உரத்த இடம் எது என்று கேட்டு, அதை முதலில் படிக்கச் சொல்லி, அதற்கு அளவை வையுங்கள். போனைப் பிளேன் மோடில் போடாமல் தொடங்கவேண்டாம்; பிரான்சில் இருந்து மச்சான் எடுத்த ஒரு போன் கோலால் எனக்கு மாதவி முழுவதும் போனது. சோளகம் வீசுகிற வைகாசி முதல் ஆவணி வரைக்கும் வெளியில் பதிவு என்று நினைக்கவே வேண்டாம், காற்றுத்தான் பதியும். மாரியில் தவளை. எங்களுக்குப் பங்குனிதான் வாய்த்தது, அதுவும் இரவு பதினொன்றுக்குப் பிறகு, பக்கத்து வீட்டு ரிவி நின்றதும். எடுத்ததை அன்றைக்கே மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று இந்த மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். நாங்கள் ஒரு தரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து இழந்த ஆக்கள்.

அடுத்தது கடுதாசி. இதில்தான் எங்கள் பக்கத்துக் கலைஞர்கள் தோற்கிறார்கள். மூத்த கலைஞர்களுக்கு அரசு கொடுக்கிற கலாபூஷண விருதுக்கு 60 வயது கடந்திருக்கவேண்டும், பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தர் ஊடாகப் போகவேண்டும், செய்த கலைப்பணிக்கு ஆதாரம் கட்டவேண்டும். குஞ்சியப்புவிடம் வயது இருந்தது, பணி இருந்தது, ஆதாரம் இல்லை. நோட்டீஸ் அடித்து ஆடின ஆளில்லை அவர். இருந்த இரண்டு படமும் பெட்டியோடு போய்விட்டது. "ஆதாரம் இல்லாமல் நாங்கள் என்ன செய்யிறது ஐயா" என்று ஒரு விழாக்குழு அவரைத் திருப்பி அனுப்பியது. ஐம்பது வருடம் ஆடிய மனிதர் ஆடியதற்குச் சாட்சியில்லாமல் படியிறங்கி வந்ததை நான் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். அவர் வருடம் சொல்லமாட்டார், சம்பவம்தான் சொல்லுவார். "இந்தியன் ஆமி வந்த முறை", "ஜெயசிக்குறு தொடங்க முன்னம்", "சுனாமிக்கு அடுத்த பொங்கல்". ஜெயசிக்குறு என்றது வன்னியில் நடந்த இராணுவ நடவடிக்கை. இவற்றை 1987, 1997, 2005 என்று நான் மாற்றி எழுதிக்கொண்டேன். வருடம் கேட்டு அவரைத் தடுமாற வைத்திருந்தால் ஒன்றும் வந்திராது. பிறகு அந்த அந்த ஊருக்குப் போய், அன்று பிள்ளைகளாக இருந்து பார்த்தவர்களைத் தேடினேன். இப்போது ஒருவர் ஆசிரியர், ஒருவர் கிராம அலுவலர், ஒருவர் கோயில் தலைவர். அவர்களிடம் கையெழுத்தோடு கடிதம் வாங்கினேன். தண்ணீர் வரிசையில் அடி எடுத்துக் கொடுத்த ஒரு அக்கா, சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசியே முடித்துத் தந்தா. படலையில் நின்று சிரித்துவிட்டுப் போன ஒரு பெரியவரும் எழுதித் தந்தார். அவருக்குக் கை நடுங்கியது, வயதினாலா என்று தெரியாது.

இன்னொன்று. படிவத்தில் துறை என்று ஒரு கட்டம் இருக்கும். ஒருவர் "தனிநடிப்பு" என்று போடச் சொன்னார், இன்னொருவர் "கிராமியக் கலை, ஏனையவை" என்றார். நான் சரி என்று எழுதப்போக, குஞ்சியப்பு பேனையைப் பறித்து "கூத்து" என்று எழுதினார். "அதுக்குள்ள நிண்டு குடுக்கிறதெண்டால் குடுக்கட்டும். இல்லாட்டி வேண்டாம்." எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது சொல்கிறேன், அவர் செய்தது சரி. அவருடைய கலைக்கு அவர் சொல்கிற பெயரையே போடுங்கள்.

விருதுக்குக் காத்திருக்காமல் வேறொரு வேலையும் செய்யலாம். 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்கள், மலர்கள், அழைப்பிதழ்களை எண்ணிமமாக்கி வைக்கிறது. ஒலி, காணொளி, படங்களுக்கு அவர்களின் ஆவணகம் இருக்கிறது. கையெழுத்துக் கொப்பிகளைப் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், மேலிருந்து நேராகப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பக்கத்தையும் விடவேண்டாம். குஞ்சியப்பு இடம் விட்ட அடிகளில் நாலை இப்படிப் படம் பார்த்த ஒருவர்தான் எடுத்துத் தந்தார்.

போன வருடம் ஒரு பண்பாட்டு விழாவில் அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் "கூத்து" என்றே இருந்தது. சவுண்ட் என்னுடையது. நிகழ்ச்சி நிரலில் அவருக்கு ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் கட்டியகாரன் வரவுகூட முடியாது. எட்டாவது நிமிடத்தில் ஒருவர் என்னிடம் துண்டு அனுப்பினார், மைக்கை நிப்பாட்டு என்று. என் விரல் மிக்சரில் இருந்தது. சால்வை தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் குறைக்கவில்லை, கூட்டினேன். முப்பத்தெட்டு நிமிடம் ஆடினார். எனக்கு அந்த விழா வேலை பிறகு கிடைக்கவில்லை. இதை யாருக்கும் செய்யச் சொல்லி நான் சொல்லமாட்டேன். நேரத்தை இரண்டு கிழமைக்கு முன்னமே கேட்டு, எழுத்தில் வாங்கி, வழக்குரையை மட்டும் இருபது நிமிடத்துக்கு அமைத்திருந்தால் ஒருவரோடும் முரண்படத் தேவை வந்திராது. அந்த வேலை என்னுடையது, நான் செய்யத் தவறினேன்.

சான்றிதழைக் குஞ்சியம்மா பொலித்தீன் போட்டுச் சாமித்தட்டில் வைத்திருக்கிறா. அவர் அதைப் பெரிதாகப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று சபையில் ஒரு அண்ணாவியார் இருந்தார். எண்பதை நெருங்குகிறவர். குஞ்சியப்பு வேலிக்கு அங்கால நின்ற அந்த வளவில் உள்ளுக்கு நின்று பழகிய பெடியன்களில் ஒருவர். அடுத்த ஞாயிறு ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்தார். கதிரையில் இருக்கவில்லை, திண்ணையில் இருந்தார். "ஆடு பாப்பம்" என்றார். மடியில் தாளம்.

குஞ்சியப்பு நாலு அடி வைத்திருக்கமாட்டார், தாளம் நின்றது.

"நீ இடக்காலில எடுக்கிறாய்."

குஞ்சியப்புவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அண்ணாவியார் எழும்பி முற்றத்துக்கு வந்து, அவருக்கு முன்னால் முகத்துக்கு முகம் நின்றார்.

"பழகிறவை அண்ணாவியாருக்குப் பின்னால நிப்பினம். அவர் வலக்கால் வைச்சா இவையும் வலக்கால். நீ வேலிக்கு அங்கால, முகத்துக்கு நேர நிண்டு பாத்திருக்கிறாய். கண்ணாடியில பாத்த மாதிரிப் பழகியிருக்கிறாய். ஐம்பது வருசமா எல்லாம் இடம் வலம் மாறி ஆடுறாய்." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நீ அங்க நிக்கிறது எங்களுக்குத் தெரியும். பூவரசம் இலை ஆடும்."

குஞ்சியப்பு சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அண்ணாவியாருக்குப் பின்னால் போய் நின்றார். அன்று பொழுதுபட்டும் விடவில்லை. மூன்று இடத்தில் பிழை சொன்னார் அண்ணாவியார்: கால், பாண்டியன் வரவின் தாளம், கண்ணகி விருத்தத்தில் ஒரு சொல். பேணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மேல கட்டு" என்றார்.

இப்போது விடியக்காலமை ஐந்து மணிக்கு எங்கள் வளவில் சதங்கை கேட்கும். எழுபது வயதில் வலக்காலுக்கு மாறுவது லேசில்லை. பழக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, நின்று, திரும்பத் தொடங்குகிறார். கலாபூஷணக் கோப்பு என் அலுமாரியில் கட்டாகி இருக்கிறது, அடுத்த அழைப்புக்குக் கொடுக்கவேண்டும். அதைப் பற்றிக் கேட்டால், "அது பாப்பம். முதல்ல நீ எடுத்து வைச்சிருக்கிற பதிவை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாத, அது முழுக்க இடக்கால்" என்கிறார். வருகிற பங்குனிக்கு அதே மாமரக் கொப்பில் மைக்கைத் தொங்கவிட்டு முழுவதையும் புதிதாக எடுக்கவேண்டுமாம். தாளத்துக்கு அண்ணாவியார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு மைக் தனியாக வேண்டும்.